சானமாவு வகுப்பறைக்குள் ஒரு நைல் நதி: தெரியுமா? தெரியுமா?

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் பண்டைய நாகரிகங்கள் பாடம் தொடங்கியதுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "மம்மி நிஜமா டீச்சர்?" நிஜம்தான்! அதை வாயால் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போவானேன்? ஒரு மம்மியைச் செய்தே காட்டலாமே! ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் காட்டை ஒட்டிக் கிடக்கும் சானமாவு வட்டாரத்துப் பள்ளிகளுக்கு இதில் ஒரு யோகம் அடித்திருக்கிறது. எகிப்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய சாமான் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடக்கிறது. கருங்கல் இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, கடிகாரத் தொழிற்சாலை இருக்கிறது, யானைகூட இருக்கிறது! ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

கிளியோபாட்ரா பிரமிடைவிட நமக்குத்தான் கிட்டே, தெரியுமா?

நம்ப முடியவில்லையா? குஃபு மன்னரின் மாபெரும் பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். நடுவில் ஏறக்குறைய 2,500 ஆண்டுகள்! அவளுக்கும் நமக்கும் இடையில் இருப்பதோ 2,050 சொச்சம்தான். அவள் காலத்திலேயே பிரமிடு ஒரு தொல்பொருள்!

செய்து பார்க்க: ஐந்து மீட்டர் கயிறு ஒன்றை வகுப்பறைச் சுவர் நெடுக ஆணியடித்துக் கட்டுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு என்று கணக்கு. ஒரு முனை இன்று. 2 மீட்டர் 5 சென்டிமீட்டரில் கிளியோபாட்ரா, 3 மீட்டர் 35-இல் துட்டன்காமன், 4 மீட்டர் 59-இல் குஃபு. ஒவ்வோர் இடத்திலும் துணி உலர்த்தும் கிளிப்பால் ஒரு படம். இப்போது 4 மீட்டர் 20-இல் இன்னொரு கிளிப் மாட்டுங்கள். அங்கே வரப்போவது எகிப்தியர் அல்ல, நம் மாவட்டத்துக்காரர்!

துட்டன்காமனின் கத்தி வானத்திலிருந்து விழுந்தது, தெரியுமா?

1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் தங்கம் குவிந்து கிடந்தது. ஆனால் மன்னரின் தொடையருகே வைத்திருந்த இரும்புக் கத்திதான் அதைவிட அபூர்வம்! 2016-இல் ஊடுகதிரால் ஆராய்ந்தவர்கள் அதில் நிக்கல் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். விண்கல் இரும்பின் அடையாளம் அது. ஆமாம், ஆகாயத்திலிருந்து விழுந்த இரும்பை அடித்து மன்னருக்குக் கத்தி செய்திருக்கிறார்கள்!

இப்போது அந்த 4 மீட்டர் 20 கிளிப்புக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர்ப் பக்கத்தில் இருக்கும் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக் காலத்துச் சான்றுகளுக்குக் கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே இதை அறிவித்தார்கள். துட்டன்காமன் பிறக்க 800 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர்ப்பக்கத்தில் இரும்பு!

செய்து பார்க்க: ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றிப் பள்ளி மைதானத்து மணலில் இழுங்கள். பையில் ஒட்டும் கறுப்புப் பொடி இரும்புத் தாது. காந்தத்தை வெளியே எடுத்ததும் பொடி தானாக உதிரும். தாதுவிலிருந்து இரும்பு எடுக்கத் தெரிந்துவிட்டால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பிள்ளைகளுக்கு அந்த நொடியில் பிடிபட்டுவிடும்.

மம்மிக்கும் கருவாட்டுக்கும் சூத்திரம் ஒன்றே, தெரியுமா?

எகிப்தியர்கள் ஓர் உடலைப் பதப்படுத்த 70 நாள் எடுத்துக்கொண்டார்கள். அதில் 40 நாள் நேட்ரான் என்ற இயற்கை உப்புக்குள் உடல் புதைந்து கிடக்கும். சோடாவும் உப்பும் கலந்த பாலைவனச் சரக்கு அது. உடலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் இல்லாத இடத்தில் அழுகவைக்கும் கிருமிக்கு என்ன வேலை? மூளையை மூக்கு வழியாக இழுத்து எடுத்து, வேண்டாம் என்று தூக்கி எறிந்தார்கள். இதயத்தை மட்டும் பத்திரமாக உள்ளேயே விட்டார்கள், அறிவு அங்கேதான் இருக்கிறது என்ற நம்பிக்கையில்! ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் நான்கு ஜாடிகளுக்குள். மூடிகளில் மனிதன், பபூன் குரங்கு, நரி, வல்லூறு எனக் காவல் தலைகள்.

செய்து பார்க்க: ஒரு ஆப்பிளை நான்காக நறுக்குங்கள். ஒரு துண்டு சும்மா இருக்கட்டும். இன்னொன்று தூள் உப்புக்குள், மூன்றாவது ஆப்ப சோடாவுக்குள், நான்காவது இரண்டும் சரிபாதி கலந்த பொடிக்குள். டம்ளர்களில் போட்டு முழுக்க மூடுங்கள். ஒவ்வொரு துண்டையும் முதல் நாளே எடை போட்டு எழுதிவையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பொடியைத் தட்டிவிட்டு மறுபடி எடை பாருங்கள். எது அதிகம் சுருங்கியது? எது கறுத்து நாறுகிறது? வரைபடத் தாளில் கோடு போட்டால் கணக்கும் வந்துவிட்டது, அறிவியலும் வந்துவிட்டது. பதமான துண்டை வெள்ளைத் துணிக் கீற்றால் சுற்றிப் பெயர் எழுதிவிட்டால் அது ஆப்பிள் மம்மி! வாயில் வைக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். களிமண்ணில் நான்கு ஜாடி செய்து தலை ஒட்டுவது அடுத்த வகுப்புக்கு.

நிஜ மம்மியைப் பார்க்கக் கெய்ரோ போக வேண்டியதில்லை. ஹைதராபாத் மாநில அருங்காட்சியகத்தில் ஒன்று, கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் ஒன்று, ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலில் ஒன்று என்று இந்தியாவிலேயே படுத்திருக்கின்றன!

ஓசூர்ப் பிள்ளைகள் பிறவியிலேயே ரொசெட்டாக் கல் நிபுணர்கள், தெரியுமா?

1799-இல் நெப்போலியனின் படைவீரர்கள் எகிப்தில் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டார்கள். கி.மு. 196-இல் ஐந்தாம் தாலமி மன்னர் பேரால் வந்த ஒரே ஆணை அதில் மூன்று எழுத்தில் இருந்தது: மேலே படவெழுத்து, நடுவில் டெமோட்டிக் என்ற வேக எழுத்து, கீழே கிரேக்கம். கிரேக்கம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். படவெழுத்தோ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக யாருக்கும் தெரியாது! 1822-இல் ஷம்போலியோன் என்ற பிரெஞ்சுக்காரர் பூட்டைத் திறந்தார். சாவி எங்கே இருந்தது தெரியுமா? மன்னர் பெயரைச் சுற்றிப் போட்டிருந்த நீள்வட்ட வளையத்தில்! தாலமி, கிளியோபாட்ரா என்ற இரண்டு பெயர்களிலும் பொதுவாக வரும் ஒலிகளை ஒப்பிட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள்.

வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் எல்லைப்புறப் பிள்ளைக்கு இதை விளக்கவா வேண்டும்? பேருந்துப் பலகைகளிலேயே தினமும் பார்க்கிற சமாசாரம்!

செய்து பார்க்க: வகுப்பை மூன்று அணியாகப் பிரியுங்கள். ஒவ்வோர் அணியும் ஒரே செய்தியைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஓர் அட்டையில் எழுதட்டும். செய்தியில் ஓசூர், கிருஷ்ணகிரி, சூளகிரி என்று ஊர்ப்பெயர்கள் வரவேண்டும். அவற்றைச் சுற்றி மட்டும் வளையம். அட்டைகளை மாற்றிக்கொண்டு, தெரியாத லிபியில் வளையத்துக்குள் இருக்கும் பெயரை முதலில் பிடிக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலும் சூளகிரியிலும் பொதுவாக வரும் ‘கிரி’ கிடைத்துவிட்டால் போதும், மற்ற எழுத்துகள் வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஷம்போலியோன் பட்ட மகிழ்ச்சி ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்!

எகிப்தின் கடற்கரையில் தமிழில் எழுதிய பானை ஓடு, தெரியுமா?

செங்கடல் ஓரம் குசெய்ர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் அகழ்ந்தபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதன் இரு பக்கத்திலும் தமிழ்-பிராமி! ‘பானை ஒறி’ என்று படித்துச் சொன்னவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு. உறியில் தொங்கிய பானை என்று பொருள் சொன்னார். அதே ஊரில் முன்பே கணன், சாதன் என்று பெயர் பொறித்த ஓடுகளும் கிடைத்திருந்தன. யாரோ ஒரு சாதன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எகிப்தில் நின்று தன் பானைக்குப் பெயர் எழுதியிருக்கிறான்!

தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் இன்னும் பெரிய ஆச்சரியம். கோவில் முற்றத்தில் இந்தியப் பெருஞ்ஜாடி ஒன்று. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு! அதற்கும் ஆயிரத்து இருநூறு ஆண்டு முன்பு, கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்செஸ் மன்னரின் மம்மி மூக்கிலும் மிளகு அடைத்திருந்தது!

செய்து பார்க்க: சணல் கயிற்றில் உறி பின்னத் தெரிந்த பாட்டி ஊரில் ஒருவராவது இருப்பார். வகுப்புக்கு அழைத்து வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிறு உறி பின்னட்டும். உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆணியால் தன் பெயரைத் தமிழ்-பிராமியில் கீறி உறியில் தொங்கவிடட்டும். ஓட்டின் விளிம்பை மட்டும் முதலில் கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

அந்தத் துறைமுகமே யானைக்காகப் பிறந்தது, தெரியுமா?

குளிர்காலத்தில் கேழ்வரகு விளைந்ததும் சானமாவுக் காட்டுக்கு யானைக் கூட்டம் வந்துவிடும். நெடுஞ்சாலையைக் கடக்கும், வயலில் இறங்கும், ஊரே விழித்திருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு யானைக் கதை புதிதில்லை. ஆனால் இது புதிது: பெரெனிகேயை இரண்டாம் தாலமி கி.மு. 275 வாக்கில் நிறுவினார். அங்கே வந்து இறங்கிய முக்கியச் சரக்கு, கப்பலில் ஏற்றி வந்த ஆப்பிரிக்க யானைகள்! போருக்காகத்தான். கி.மு. 217-இல் ரஃபியா போர்க்களத்தில் எகிப்தின் 73 ஆப்பிரிக்க யானைகள் எதிரே நின்ற 102 இந்திய யானைகளின் வாசனையும் பிளிறலும் தாங்காமல் மிரண்டன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதிவைத்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் போரில் வென்றது எகிப்துதான்!

செய்து பார்க்க: ஒரே அளவு அலுமினியத் தாளை ஒவ்வோர் அணிக்கும் கொடுங்கள். யானைக் கப்பல் மடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எந்தக் கப்பல் அதிகம் தாங்கும்? அகலமானதா, நீளமானதா? யானையைப் பார்க்க யாரும் காட்டுப்பக்கம் போக வேண்டாம், தொட்டியே போதும்!

பிரமிடுக் கல் இழுக்கத் தண்ணீர் ஊற்றினார்கள், தெரியுமா?

மாபெரும் பிரமிடின் ஆதி உயரம் 146 மீட்டருக்கு மேல். சுமார் 23 லட்சம் கற்கள்! எப்படி இழுத்தார்கள்? சுமார் கி.மு. 1900-ஐச் சேர்ந்த ஜெஹுட்டிஹோட்டெப் கல்லறை ஓவியத்தில் ஒரு பிரம்மாண்டச் சிலையைச் சறுக்குக்கட்டையில் வைத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இழுக்கிறார்கள். முன்னால் ஒருவன் மணலில் தண்ணீர் ஊற்றுகிறான். வெறும் சடங்கு என்றே பலகாலம் நினைத்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்தார்கள். சரியான அளவு ஈர மணலில் இழுக்கும் விசை பாதியாகிவிட்டது!

செய்து பார்க்க: ஒரு தட்டில் காய்ந்த மணல். அதன்மேல் பலகையில் வைத்த செங்கல். ஸ்பிரிங் தராசால் இழுத்து எண்ணைக் குறியுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி இழுங்கள். பிறகு தொளதொளவென்று சேறாக்கி மறுபடி. மூன்று எண்ணும் மூன்று கதை சொல்லும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் ஊரறிந்தது. குவாரியில் வேலை செய்யும் அப்பா யாராவது வந்து கல்லில் ஆப்பு அடித்துப் பிளக்கும் முறையைப் பேசினால் பாடம் இரட்டிப்பாகும். எகிப்தின் அஸ்வான் குவாரியில் 42 மீட்டர் நீளக் கருங்கல் தூண் ஒன்று வெட்டும்போதே விரிசல் விட்டு அப்படியே கிடக்கிறது. ஏன் விரிசல் விட்டிருக்கும் என்று அவரையே கேளுங்கள்!

உலகின் மிகப் பழைய டிரிப் ஷீட் எகிப்தில் இருக்கிறது, தெரியுமா?

2013-இல் செங்கடல் கரை வாடி அல்-ஜார்ஃபில் பியர் தாலே குழுவினர் எடுத்த பாப்பிரஸ் சுருள்கள் குஃபு காலத்தவை. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இவற்றைவிடப் பழையது இதுவரை கிடைத்ததில்லை. என்ன எழுதியிருக்கிறது? மெரெர் என்ற மேற்பார்வையாளர் தூரா குவாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றியதும், படகில் கீசா வந்து இறக்கியதும், இரவு எங்கே தங்கினார்கள் என்பதும்! 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓடும் லாரி டிரைவர் பாக்கெட்டில் இருக்கும் அதே டிரிப் ஷீட்! மெரெருக்காக நான்கு நாள் டிரிப் ஷீட் ஒன்றைப் பிள்ளைகள் நிரப்பட்டும்: கிளம்பிய இடம், சரக்கு, ஆட்கள், இரவுத் தங்கல்.

எழுதத் தாள்? பாப்பிரஸ் செடியும் பத்தமடைப் பாய்க்கான கோரையும் ஒரே தாவரப் பேரினத்து உறவுகள்! பிரவுன் தாளைக் கீற்றாக வெட்டி, மைதாப் பசை தடவி, ஒரு வரிசை நெடுக்கு, அதன்மேல் ஒரு வரிசை குறுக்கு. பூரிக்கட்டையால் உருட்டி, புத்தகச் சுமையின் கீழ் ஒரு ராத்திரி. காலையில் சொந்தப் பாப்பிரஸ்!

வாய்ப்பாடே இல்லாமல் பெருக்கினார்கள், தெரியுமா?

13-ஐ 12-ஆல் பெருக்க வேண்டும். எகிப்திய எழுத்தர் இரட்டிப்பார், அவ்வளவுதான். 1-க்கு 12, 2-க்கு 24, 4-க்கு 48, 8-க்கு 96. 13 என்பது 8, 4, 1 சேர்ந்தது. ஆக 96, 48, 12. கூட்டினால் 156! கி.மு. 1550 வாக்கில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸில் இந்த முறை இருக்கிறது. கணினிக்குள் ஓடும் இரண்டடிமானக் கணக்கும் இதே இரட்டிப்புத்தான்! புளியங்கொட்டைகளை அடுக்கி இரட்டித்துப் பாருங்கள், வாய்ப்பாட்டுக்குப் பயந்த பிள்ளையும் முன்னால் வந்து உட்காரும்.

ஒரு நாளுக்கு 24 மணி எங்கிருந்து வந்தது, தெரியுமா?

பகலை 12 ஆகவும் இரவை 12 ஆகவும் பிரித்தவர்கள் எகிப்தியர்கள்! ஆண்டுக்கு 30 நாளில் 12 மாதம், கடைசியில் 5 நாள் உபரி. மொத்தம் 365. இரவில் சூரியன் இல்லையே, மணி பார்ப்பது எப்படி? மூன்றாம் அமென்ஹோட்டெப் காலத்து நீர்க்கடிகாரம் ஒன்று கர்னாக்கில் கிடைத்தது. அடியில் துளையுள்ள கல்வாளி. நீர் சொட்டச் சொட்ட உள்ளே இருக்கும் குறிகள் மணி சொல்லும். டைட்டன் தொழிற்சாலை இருக்கும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் செய்யாமல் விடலாமா?

செய்து பார்க்க: பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை அறுத்து, மூடியில் ஊசியால் துளையிட்டுத் தலைகீழாக மாட்டுங்கள். தண்ணீர் நிரப்பி நிமிடத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கோடுகள் கீழே போகப் போக நெருங்கும்! ஏன்? நீர்மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைகிறது, ஓட்டம் மெதுவாகிறது. அதைச் சரிக்கட்டத்தான் எகிப்தியர்கள் பாத்திரத்தின் பக்கச்சுவரைச் சாய்த்து, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செய்தார்கள். வாளியில் ஒருமுறை, பாட்டிலில் ஒருமுறை செய்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நம் ராகியின் தாய்வீடு நைல் பிறக்கும் சீமை, தெரியுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் களியும் கூழும் ஆகும் கேழ்வரகு முதலில் பயிரானது எத்தியோப்பியா, உகாண்டா மலைநாடுகளில். நீல நைலும் வெள்ளை நைலும் கிளம்பும் அதே பக்கம்! எகிப்தியர்கள் சாப்பிட்டது கோதுமையும் பார்லியும். ஆனால் ஒசிரிஸ் தெய்வ உருவ அச்சில் வண்டல் மண் நிரப்பித் தானியம் விதைத்து, முளைத்ததும் கல்லறையில் வைத்தார்கள். துட்டன்காமன் கல்லறையிலும் ஒன்று இருந்தது. முளைப்பாரி எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்டதும் சிலிர்க்கும்! மரத்தட்டில் ஆள் உருவம் வரைந்து, ஈரமண் பரப்பி, கேழ்வரகு தூவுங்கள். சில நாளில் பச்சை ஒசிரிஸ் எழுந்துவிடுவார்.

அவருக்குத் தண்ணீர் இறைக்க? எகிப்தின் ஷாதூஃப் வேறொன்றுமில்லை, நம் தாத்தாக்கள் மிதித்த ஏற்றத்தின் தம்பி! கவைக்கம்பு, நீளக்கழி, ஒரு முனையில் கல், மறுமுனையில் டம்ளர். கல்லை மாற்றி மாற்றிக் கட்டினால் நெம்புகோல் பாடம் முடிந்தது.

ஐயாயிரம் வயதுப் பலகை விளையாட்டு, தெரியுமா?

அதன் பெயர் செனெட். மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து, மொத்தம் 30 கட்டம். துட்டன்காமனோடு பலகைகளையும் புதைத்தார்கள், மறுமையில் பொழுது போகவேண்டாமா! தாயக்கட்டைக்குப் பதில் ஒரு பக்கம் தட்டையான நான்கு குச்சிகள். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை நான்கு இருந்தால் போதும், சாக்பீசில் தரையிலேயே ஆடலாம். பழைய விதிகள் முழுசாகக் கிடைக்கவில்லை. அதுதான் நல்லது! விதிகளைப் பிள்ளைகளே வகுக்கட்டும், சண்டையும் அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

இம்போசிஷனும் எகிப்தில் இருந்தது, தெரியுமா?

இதைக் கேட்டால் பிள்ளைகள் எழுந்து நின்று கத்துவார்கள்! அத்ரிபிஸ் என்ற ஊரில் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து 18,000-க்கும் அதிகமான எழுத்துள்ள ஓடுகளை எடுத்தார்கள். 2022-இல் செய்தி வெளிவந்தது. அவற்றில் நூற்றுக்கணக்கானவை இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பள்ளிப் பிள்ளைகளுடையவை. கணக்கு, மாதப்பெயர், இலக்கணம் எல்லாம் உண்டு. சில ஓடுகளில் முன்னும் பின்னும் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். குறும்பு செய்த பிள்ளைக்கு வாத்தியார் கொடுத்த தண்டனை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்! நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நாலாயிரம் ஆண்டு பழைய எழுத்துப் பலகை ஒன்று இருக்கிறது. மாணவன் செய்த எழுத்துப் பிழைகளை வாத்தியார் அதில் திருத்தியிருக்கிறார், சிவப்பு மையில்!

செய்து பார்க்க: மிச்சமிருக்கும் தொட்டி ஓடுகளை எடுங்கள். பிள்ளைகள் தாங்களே தண்டனை வாக்கியம் ஒன்றைத் தேர்ந்து தமிழ்-பிராமியில் பத்து முறை எழுதட்டும். டீச்சருக்கும் ஓர் ஓடு உண்டு. அவர் எழுத வேண்டியது: "இனி எகிப்துப் பாடத்தைச் சும்மா வாசித்துவிட்டுப் போகமாட்டேன்." பத்து முறை. பிழை இருந்தால் பிள்ளைகள் சிவப்பு மையில் திருத்துவார்கள்!